நகராட்சி நாற்காலிக்காக வழக்காடியவர்

சேலம் என்ற பெயரில் அமெரிக்காவிலும் சில ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஆரிகன் மாநிலத்தின் தலைநகரம். வில்லமெட் என்னும் ஆற்றின் கரையில் 1840-களில் உருவான ஊர் அது. நீராவிப் படகுகள் வந்து கோதுமையை ஏற்றிச் சென்றன, ஆலைகள் எழுந்தன, ஊர் வளர்ந்தது. அதற்கு விவிலியத்திலிருந்து பெயர் கிடைத்தது. நம் சேலத்தின் பெயருக்குச் சைலம் என்றும் சேரலம் என்றும் விளக்கங்கள் சொல்கிறார்கள்; எதுவும் முடிந்த முடிபாகவில்லை. பெயரைத் தவிர இரண்டு ஊர்களுக்கும் வேறு பொருத்தம் எதுவும் இல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் சேலமும் ஓர் ஆற்றங்கரை நகரம்தான் என்பது மனத்தில் உறைக்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

அந்த ஆற்றை நாங்கள் ஆறு என்று அழைத்ததே இல்லை. சிறுவயதில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, பாலம் வந்ததும் என் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். நாங்களும் பொத்திக்கொள்வோம். கீழே கறுப்பாகவும், சில நாள்களில் சாயத்தின் நிறத்திலும் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கும். அதற்குத் திருமணிமுத்தாறு என்று பெயர் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் அறிந்தேன். சேர்வராயன் மலைத்தொடரில் மஞ்சவாடிப் பக்கம் தோன்றி, சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் சமவெளியைக் கடந்து, பரமத்தி வேலூர் வட்டாரத்தில் காவிரியில் சேர்கிற ஆறு அது. படகோடிய ஆறன்று. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடந்து, ஊற்று தோண்டினால் நீர் கொடுத்த ஆறு. அதன் இரு கரைகளிலுமாகக் கோட்டையும், செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்ற செவ்வாய்ப்பேட்டையும், நெசவாளர் வாழ்ந்த குகையும் அம்மாபேட்டையும் வளர்ந்தன.

இந்த ஊரின் வளர்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் எஃகு ஆலையிலிருந்தும் தொடங்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்தும் தொடங்கலாம். நான் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். சேலம் சி.விஜயராகவாச்சாரியார் என்ற பெயரை இன்றைய இளைஞர்கள் ஒரு நினைவு நூலகத்தின் பெயர்ப்பலகையில் பார்த்திருக்கக்கூடும். காங்கிரஸ் மகாசபையின் தலைவராக இருந்தவர் என்பது சிலருக்குத் தெரியும். தென்னாட்டுச் சிங்கம் என்று அவரை அழைத்தார்கள் என்பதும் தெரிந்திருக்கலாம். அந்தப் பட்டம் எதனால் வந்தது என்று கேட்டால் விடை சொல்பவர் மிகச் சிலரே. சேலம் கலவரத்தை ஒட்டி அவர் நடத்திய சட்டப் போராட்டத்தால் வந்தது அது.

அவர் சேலத்துக்காரர் அல்லர். செங்கல்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் 1852 ஜூன் 18 அன்று ஒரு வைணவ அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வி வடமொழியும் வேதமும். ஆங்கிலம் பன்னிரண்டாம் வயதில்தான் வந்தது. பச்சையப்பன் பள்ளியிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து 1875-இல் பட்டம் பெற்றார். ஆசிரியப் பணி கிடைத்தது. மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றினார்கள். அந்தப் பணியை விட்டு விலகி, சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க வந்து சேர்ந்தார். ஒரு நகராட்சி தன் வரிப்பணத்தில் கல்லூரி நடத்திய காலம் அது என்பதை இங்கே நின்று கவனிக்கலாம்.

அவர் வந்து சேர்ந்தபோது சேலம் எப்படி இருந்தது? நகராட்சி 1866-இல் அமைக்கப்பட்டிருந்தது. அதே பத்தாண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதையும் சேலத்தைத் தொட்டிருந்தது. தொட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நிலையம் ஊருக்குள் வராமல் சில மைல் தள்ளிச் சூரமங்கலத்தில் அமைந்தது. வெள்ளை அதிகாரிகள் அஸ்தம்பட்டிப் பக்கம் காற்றோட்டமாகக் குடியிருந்தார்கள். ஊர் மக்கள் ஆற்றை ஒட்டி நெருக்கமாக வாழ்ந்தார்கள். 1881-இல் மக்கள்தொகை ஏறக்குறைய ஐம்பதாயிரம். குடிக்கவும் குளிக்கவும் கிணறும் ஆறும். கழிவுக்கும் அதே ஆறு. காலரா வந்து போகும் ஊர்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சட்ட வகுப்பு எதிலும் சேராமல் தாமாகவே படித்துத் தேர்வெழுதி 1881-இல் வழக்குரைஞரானார் விஜயராகவாச்சாரியார். அடுத்த ஆண்டே சேலம் நகராட்சி உறுப்பினரானார். வயது முப்பது.

அந்த 1882-ஆம் ஆண்டு இந்திய உள்ளாட்சி வரலாற்றில் தனித்து நிற்பது. ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் புகழ்பெற்ற தீர்மானத்தை அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்டார். உள்ளூர்ச் சபைகளில் அரசு சாராத உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இயன்ற இடங்களில் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமையிலிருந்து ஆட்சியர்கள் விலகி நிற்க வேண்டும் என்பது அதன் போக்கு. மாவட்ட அதிகாரிகளில் பலருக்கு இது கசந்தது. ஆங்கிலம் படித்த வழக்குரைஞர் ஒருவர் சபையில் எழுந்து கணக்குக் கேட்பதை அவர்கள் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில்தான் சேலத்தில் அந்தக் கலவரம் மூண்டது. செவ்வாய்ப்பேட்டையில் கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்றையும், அவ்வழியே மேளதாளத்துடன் செல்லும் கோயில் ஊர்வலங்களையும் பற்றிச் சில ஆண்டுகளாகவே பிணக்கு இருந்துவந்தது. அதிகாரிகள் ஒருமுறை ஒரு பக்கமும் மறுமுறை மறுபக்கமும் சாய்ந்து உத்தரவிட்டுப் பிணக்கை வளர்த்தார்கள். முடிவில் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. சேலத்தின் வரலாற்றை எழுதும்போது பலர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் வாங்கி விற்ற மக்கள் ஒருவரையொருவர் தாக்கிய நாள்கள் அவை. சிறுபான்மையாக வாழ்ந்த முஸ்லிம்கள் தங்கள் வழிபாட்டிடத்தை இழந்தார்கள் என்பதை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் மாற்றிவிடவில்லை.

கலவரத்தைத் தூண்டியவர் என்று அரசு சுட்டிய பெயர்களில் விஜயராகவாச்சாரியாரின் பெயரும் இருந்தது. அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தொழில் தொடங்கிச் சிறிது காலமே ஆன வழக்குரைஞர் கைதியானார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

மற்றவராக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பார். அல்லது வாய்மூடித் தொழிலைப் பார்த்திருப்பார். இவர் திரும்பி வந்து ஒவ்வொரு கணக்காகத் தீர்க்கத் தொடங்கினார். தமக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொன்னவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். அதே கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களுக்காக ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு அவர்களின் விடுதலைக்கு வழிசெய்தார். தாம் விடுதலையான பிறகும் அவர்களை அவர் மறக்கவில்லை என்பது, அவரிடம் நான் மிகவும் மதிக்கும் பண்பு. பெயர் தெரியாத எளிய மனிதர்கள் அவர்கள். கடலைக் கடந்து வந்த கதையைச் சொல்ல அவர்களுக்கு எழுத்து வாய்க்கவில்லை.

மூன்றாவது கணக்குதான் நகராட்சி. கலவரத்தைக் காரணம் காட்டி அரசு அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அது தவறு என்று கூறி, இலண்டனில் இருந்த இந்தியா மந்திரியைப் பிரதிவாதியாக்கி அவர் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தார். சம்பளம் இல்லாத பதவி. தெருவிளக்கு, சாக்கடை, சந்தைக் குத்தகை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் ஒரு சிறு சபை. அதில் ஓர் இடத்துக்காக ஒரு பேரரசின் அமைச்சரை வழக்குக்கு இழுப்பதா என்று அன்றே சிலர் நகைத்திருக்கக்கூடும்.

வழக்கு வென்றது. கிடைத்த நட்டஈடு 100 ரூபாய். நகராட்சி இடமும் மீண்டது. அவ்வழக்கு 1884-ஆம் ஆண்டின் சென்னைச் சட்ட அறிக்கைத் தொகுதியில் பதிவாகி, பிற்காலத்தில் வழக்குரைஞர்கள் எடுத்துக்காட்டும் வழக்குகளில் ஒன்றாக நின்றது. ஒரு சட்டத்தின்கீழ் அரசு எடுக்கும் நடவடிக்கை, அரசே எடுத்தது என்பதற்காக நீதிமன்றத்தின் விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பது அதன் சாரம். மாணவனாக அந்த நினைவு நூலகத்துக்குப் போய்வந்த நாள்களில் இந்த வழக்கைப் பற்றி நான் கேள்விப்படவே இல்லை. பின்னாளில் வழக்குரைஞர் நண்பர் ஒருவர், சேலத்துக்காரனுக்கு இது தெரியாதா என்று சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தேடிப் படித்தேன்.

அவருடைய பொதுவாழ்வின் மற்றப் படிகள் பலரும் எழுதியவை, சுருக்கமாகவே சொல்கிறேன். ஏ.ஓ.ஹியூமின் நண்பர் என்ற முறையில் காங்கிரஸின் தொடக்கக் காலத்திலேயே அதில் பங்கேற்றார். 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாட்டில் காங்கிரஸுக்கு அமைப்பு விதிகள் வகுக்கும் குழுவில் இருந்தார். 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டசபைகளுக்கு உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் உரிமை உள்ளாட்சிகளுக்கும் கிடைத்தது. 1895-இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து ஆறாண்டு இருந்தார். 1913 முதல் 1916 வரை தில்லி மத்தியச் சட்டசபையில் உறுப்பினர். ஆயினும் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஊர் சேலமாகவே இருந்தது.

இதற்கிடையில் அவருடைய ஊரில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. நூற்றாண்டு திரும்பியபோது சேலத்தின் மக்கள்தொகை எழுபதாயிரத்தைக் கடந்திருந்தது. ஆற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பி இனிக் காலம் தள்ள முடியாது என்ற நிலை. ஊருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பனமரத்துப்பட்டி ஏரி அமைக்கப்பட்டு 1911-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய்த் தண்ணீர் வந்தது. காலராவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்த ஏற்பாடு அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடிநீர் வேறிடத்திலிருந்து வரத் தொடங்கிய அன்றே திருமணிமுத்தாறு ஊருக்குத் தேவையற்றதாகிவிட்டது. குடிக்காத நீரைக் காக்க யாருக்கும் அவசரம் இல்லை. பின்னர் 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. காலப்போக்கில் காவிரி நீரே குழாய் வழியாகச் சேலத்துக்கு வந்தது. நகரின் நடுவே ஓடும் ஆறு காவிரிக்குக் கழிவைக் கொண்டுபோகிறது. காவிரியிலிருந்து நாங்கள் குடிநீர் கொண்டுவருகிறோம்.

அந்தக் குழாய்த் தண்ணீரின் காலத்தில்தான் சேலம் நகராட்சிக்கு இன்னொரு வழக்குரைஞர் வந்தார். 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கிய ராஜாஜி, 1911-இல் உறுப்பினராகி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டதும், வைதிகர்களின் எதிர்ப்புக்கு ராஜாஜி இணங்க மறுத்ததும் அந்தக் காலத்து நிகழ்ச்சி. பதவியில் அமர்வதற்கு ஒருவருக்குள்ள உரிமையை மூத்தவர் நிலைநாட்டினார் என்றால், அமர்ந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை இளையவர் காட்டினார் என்று எனக்குத் தோன்றும். ஓர் ஊரின் குழாய் யார் கையால் திறக்கப்படுகிறது என்பதும் அரசியல்தான் என்று ராஜாஜி அறிந்திருந்தார். சட்டப் புத்தகத்தில் வாழ்ந்த விஜயராகவாச்சாரியார் ஆற்றைப் பற்றியோ சாக்கடையைப் பற்றியோ பெரிதாகக் கவலைப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைவர். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் திரண்ட மாநாடு. வயது அறுபத்தெட்டு. காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை. சட்டத்தைத் துறப்பதை விடச் சட்டத்தாலேயே அரசைக் கட்டிப்போடலாம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பியவர் அவர். மாநாடு காந்தியோடு போயிற்று. தலைமையுரை நிகழ்த்தியவர் வேறு திசையில் நின்றார். நீதிமன்றத்தைப் புறக்கணியுங்கள் என்ற அழைப்பு, நீதிமன்றத்தால் மீண்டவரின் தலைமையில் நிறைவேறியது விந்தைதான். அங்கிருந்து ராஜாஜியின் பெயர் உயர்ந்தது. இவருடைய பெயர் மங்கத் தொடங்கியது.

பிற்காலத்தில் சைமன் குழுவை எதிர்த்தார். மோதிலால் நேரு தலைமையில் அரசியலமைப்பு வரைவு தயாரித்த முயற்சியில் பங்குகொண்டார். பெண்களுக்குப் பருவம் எய்திய பின்னரே திருமணம் செய்ய வேண்டும், மகளுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று பேசினார். அன்றைய வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் அப்படிப் பேசுவது சிறு செயலன்று. தீண்டாமைக்கு எதிரான முயற்சிகளிலும் துணைநின்றார். அதே மனிதர் 1931-இல் அகோலாவில் கூடிய இந்து மகாசபைக்குத் தலைமை வகித்தார். 1882-இன் நிழலிலிருந்து சட்டத்தின் உதவியால் வெளியே வந்தவர் அந்த மேடையில் ஏறியிருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவரைப் போற்றுபவர்கள் இதற்குக் காரணங்கள் சொல்வார்கள். எனக்கு அவை நிறைவு தரவில்லை.

1944 ஏப்ரல் 19 அன்று, விடுதலைக்கு மூன்றாண்டுகள் இருக்கும்போது, அவர் மறைந்தார். வயது தொண்ணூற்றொன்று. அவர் வந்தபோது ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1994-இல் சேலம் மாநகராட்சியாயிற்று. 2011 கணக்கெடுப்பில் மாநகரின் மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு வளர்ந்த நகரத்தில் அந்த நாற்காலி என்ன ஆயிற்று என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. தமிழ்நாட்டில் 1986-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நீண்ட இடைவெளிக்குப் பின் நடப்பதாக மகிழ்ந்தோம். அடுத்தது 1996-இல்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொன்ன பிறகும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மாநிலத்தின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். வழக்குகள் நடந்தன, உண்மைதான். ஆனால் வார்டு உறுப்பினர் இல்லையே என்று எங்கள் தெருவில் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நானும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஓர் இடம் பறிக்கப்பட்டதற்காக ஒரு மனிதர் பேரரசை வழக்குக்கு இழுத்த மாநிலத்தில், எல்லா இடங்களும் ஐந்தாண்டு காலியாகக் கிடந்ததை நாம் செய்தித்தாளின் உள்பக்கச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனோம்.

அவருடைய நாளில் வரி செலுத்திய சிறு கூட்டத்துக்கு மட்டுமே வாக்கு இருந்தது. பெண்களுக்கு இல்லை, குகையிலும் அம்மாபேட்டையிலும் தறியில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. இன்று பதினெட்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் உண்டு. ஆனால் அன்றைய நகராட்சி கல்லூரி நடத்தியது; குடிநீருக்கு ஏரி கண்டது. இன்றைய மன்றங்களில் நிதியும் திட்டமும் பெரும்பாலும் மேலிருந்தே வருகின்றன. ஆற்றங்கரையில் சுவர் எழுப்புவதா, நடைபாதை போடுவதா என்பது கரையில் குடியிருப்போரைக் கேட்டு முடிவாவதில்லை.

சென்ற மார்கழியில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணப் பேச்சுக்காகப் பரமத்தி வேலூர்ப் பக்கம் போயிருந்தேன். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்த ஊர்கள். வழியில் ஒரு தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். நான் பிறந்த ஊரிலிருந்து புறப்பட்ட அதே நீர், அதே நுரையுடன், வயல்களின் ஓரமாக வந்துகொண்டிருந்தது. அருகில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இந்தத் தண்ணீர் பாய்ச்ச ஆகுமா என்று கேட்டேன். சேலத்திலிருந்து வருகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகிவிட்டது. அவருக்குச் சேலம் மாநகராட்சியில் வாக்கு இல்லை. அவர் என் கேள்விக்கு விடை சொல்லவில்லை. மாட்டை ஆற்றுப் பக்கம் போகவிடாமல் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.